மெரினா மணல் யாருடையது?

மெரினாவில் இறங்கினால் அலையில் கால் நனைக்க எவ்வளவு தூரம் நடக்கிறோம்? கடற்கரையின் சராசரி அகலம் சுமார் 300 மீட்டர். கையில் செருப்பு, சுண்டல் பொட்டலம், முன்னால் ஓடும் குழந்தை என்று போனால் பத்து நிமிடம் ஆகிவிடும். திருவொற்றியூரில் வளர்ந்த எனக்கு அந்தப் பத்து நிமிட மணல்தான் சின்ன வயதின் பெரிய அதிசயம்.

எங்கள் பக்கம் கடல் கூப்பிடு தூரம்தான். ஆனால், கரை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அலை ஊருக்குள் வராமல் இருக்கக் கருங்கல் கொட்டி வைத்திருப்பார்கள். அதன்மேல் ஏறி நின்று கடலைப் பார்க்கலாம், அவ்வளவுதான். மணல் வீடு கட்டணும் என்றால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, பாரிமுனையில் மாறி, மெரினாவுக்குப் போகணும். போகும்போதெல்லாம் ஆயா ஒரே வசனம்தான் சொல்லும்: "நல்லா வெளையாடு கண்ணு. இதெல்லாம் நம்ம மணலுதான். ஹார்பர் கட்டி இங்கயே நிறுத்திட்டாங்க."

ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால், கடலோரப் பொறியியல் படித்தவர்கள் சொல்வதும் இதேதான். சென்னைக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி, அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டே போகும். 1876-ல் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881 புயல் அதைப் பெரிதும் சிதைத்தது, மறுபடி கட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் அந்தச் சுவரில் முட்டி, தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. அதற்கு முன்பு இன்றைய காமராஜர் சாலைக்குப் பக்கத்திலேயே அலையடித்த இடம், கொஞ்சம் கொஞ்சமாக மெரினா ஆனது. சுவருக்கு வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை, போன மணலுக்குப் பதில் மணல் வரவில்லை. கடல் தெருக்களைத் தின்றது. எங்கள் ஊரில் பெரியவர்கள் கடலைக் கைகாட்டி, "அங்கதான் எங்க வீடு இருந்துச்சு" என்பார்கள்.

சேர்ந்த மணலோரம் நடைபாதை போட்டு, 1884 வாக்கில் 'மெரினா' என்று இத்தாலியப் பெயர் வைத்தவர் கவர்னர் கிராண்ட் டஃப். சிசிலித் தீவின் ஞாபகமாம்! உழைப்பாளர் சிலையும் காந்தி சிலையும் 1959-ல் வந்தன. 2004 சுனாமியும் 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டமும் நம் காலத்துக் கதைகள்.

மெரினாவுக்கு டிக்கெட் இல்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. பலூன் சுடலாம், குதிரை ஏறலாம், மிளகாய் பஜ்ஜி கடித்துக் கண்ணீர் விடலாம். (குளிக்க மட்டும் இறங்காதீர்கள், இழுப்பு அதிகம்.) சக்கர நாற்காலியில் வருபவர்கள் மணலுக்கு முன்பே நின்றுவிடுவார்கள். 2022 நவம்பரில் மரப்பாதை போட்ட பிறகுதான் அவர்களும் அலைக்குப் பக்கத்தில் போக முடிந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதை உடைத்தது, சரிசெய்தார்கள்.

இதே மணலை நம்பி வரும் இன்னொரு கூட்டம் உண்டு. நாம் கிளம்பிய பிறகு, நள்ளிரவில் வரும். பங்குனி ஆமைகள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிடும் காலம். 1970-களிலேயே இவற்றைத் தேடிச் சென்னையில் இரவு நடை தொடங்கிவிட்டது. 1988 முதல் மாணவர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்து இதைச் செய்கிறார்கள்.

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரைகளில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நானும் அவர்களோடு நடந்தேன். முதலில் பார்த்ததும் உப்பிய உடல்தான். ஆமை மூச்சுவிட மேலே வந்தாகணும். இழுவலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வலையில் ஆமை தப்பிக்க வழிவிடும் கருவியும் இருக்கிறது. இரண்டும் ஒழுங்காக நடந்தால் இத்தனை உடல்கள் ஒதுங்குமா?

மூன்று மணி வாக்கில் டிராக்டர் டயர் போனது போல ஒரு தடம். முன்னால் போன பெண் குச்சியால் மணலைக் குத்திப் பார்த்து, இளகிய இடத்தில் தோண்டினார். கை முழங்கை வரை உள்ளே போனது. பிங்பாங் பந்து போல வெள்ளை முட்டைகள், நூற்றுக்கும் மேல். எண்ணிப் பையில் வைத்து, பெசன்ட் நகர் பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குடம் போலக் குழி தோண்டிப் புதைத்தார்கள். பொரிய 45 நாட்களுக்கு மேல் ஆகும்.

கரையிலேயே விட்டால் என்ன? நாய் தோண்டும். பொரிந்தாலும் வெளிச்சம் ஏமாற்றும். குஞ்சுகளுக்குத் தெரிந்ததெல்லாம், பிரகாசமான பக்கம்தான் கடல். நம் ஊரிலோ ரோட்டு விளக்குதான் பிரகாசம். அங்கே போய் நசுங்கும். சீசனில் பொரிப்பகப் பக்கம் மாலையில் போனால் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கலாம். மொபைல் ஃப்ளாஷை மட்டும் அணைத்துவிடுங்கள்.

கல் கொட்டிய கரையில் தாய் ஆமை ஏற முடியாது. எங்கள் பக்கம் இப்போது கடலுக்குள் தூண்டில் வளைவுகள் கட்டியிருக்கிறார்கள். போன வாரம் போயிருந்தேன். இரண்டு வளைவுகளுக்கு நடுவே கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. பையன்கள் ஸ்டம்ப் நட்டுவிட்டார்கள். ஆமை வருகிறதா என்று ஜனவரியில்தான் போய்ப் பார்க்கணும்.