பொறி

சிக்கனம் நல்ல குணந்தான். ஆனால் அதைப் பரீட்சை பார்க்கப் போடிமெட்டு ஏற்றம் தகுந்த இடமல்ல.

2006-ல் என்னிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. பெட்ரோல் மிச்சமாகட்டுமென்று, போடிநாயக்கனூர் மெக்கானிக்கிடம் கார்புரேட்டரில் சிறிய ஜெட் போடச் சொன்னேன். "ஏத்தத்துல இழுக்காது சார்" என்றார். நான் கேட்டால்தானே? மறுநாள், மேலே ஏலத் தோட்டத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்த அப்பாவுக்கு ஆஸ்துமா மருந்து கொண்டுபோனேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி இருமிற்று. அப்பாவைப் போலவே இருமிற்று. பிறகு நின்றுவிட்டது.

ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய, எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்றைச் சற்றுக் கூட்டினால் பெட்ரோல் மிச்சம். புகையில் கார்பன் மோனாக்ஸைடும் குறையும். ஆனால் மெலிந்த கலவையில் தீ எளிதில் பற்றாது. பற்றினாலும் மெல்லத்தான் பரவும். பற்றாவிட்டால் பெட்ரோல் எரியாமலே வெளியேறும். சிக்கனமும் போச்சு, காற்றும் கெட்டது!

பரிகாரம் பொறியில் இருக்கிறது. 2003-ல் பஜாஜ் பல்ஸரில் இரண்டு பிளக் வைத்தார்கள். இரு பக்கமும் தீ கிளம்பினால் பாதித் தூரம் ஓடினால் போதுமல்லவா? 2007-ல் ஓசூர் டி.வி.எஸ். ஃப்ளேமிலும் இரண்டு பிளக். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் ஏறி, 2009-ல் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஒரு பொறிக்கு இத்தனை சண்டை! கார்களுக்கு வேறொரு தொல்லை: புகையில் பிராணவாயு மிஞ்சினால், புகைக்குழாயின் வினையூக்கி நைட்ரஜன் ஆக்ஸைடுகளைச் சரிவர முறிக்காது.

நான் ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு, இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். அப்பா சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். மருந்தை இழுத்து, நெஞ்சு தணிந்த பிறகு கேட்டார்:

"பெட்ரோல் எவ்வளவுடா மிச்சம்?"