பட்டிக்குக் கீழே தகரம்

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி. மூலம், 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு. உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. தனி சேஸிஸ், அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கிய பாடி. பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒன்றாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். டிங்கரிங் வேலைக்கு இதைவிடத் தோதான வண்டி கிடையாது. கழற்றி வைத்து இரண்டு பக்கமும் தட்டலாம்.

பழைய ஹெரால்டைப் புதுப்பிக்க முதலில் வேண்டியது காந்தம். துணி சுற்றிக் கதவின் அடி ஓரம், ஹெட்லைட் சுற்றுப்புறம் என்று நகர்த்த வேண்டும். பிடி தளர்கிற இடத்தில் பள்ளம் நிரப்பும் பட்டி கனமாக இருக்கிறது. சில கதவுகளில் அடி ஓரத்தைச் சுரண்டினால் பட்டி மட்டும்தான் வரும், தகரம் எப்போதோ உளுத்துப் போயிருக்கும்.

வாட்டர் பேப்பரால் ஓரிடத்தைத் தேய்த்தால் வளையம் வளையமாக நிறங்கள்: வெள்ளை, மெரூன், பழுப்பு பிரைமர், அதற்கும் அடியில் கம்பெனி நிறம். டேஷ்போர்டின் பின்பக்கத்தையும் பார்க்கணும். அங்கே அந்த நிறம் வெயில் படாமல் அப்படியே இருக்கும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்த தேய்ப்பு கூடாது. நனைத்துத் தேய்க்கணும், மாஸ்க் கட்டாயம். ரிமூவர் பூசுவதாக இருந்தால் திறந்த வெளியில். மெத்திலீன் குளோரைடு கலந்தது மூடிய அறையில் ஆளையே கொல்லும். கதவுத் தகரம் மடிந்த ஓரத்துக்குள் ரிமூவர் இறங்கவே விடக்கூடாது. உள்ளே தங்கியது பிறகு கசிந்து வந்து புதுப் பெயிண்டைத் தூக்கிவிடும்.

மணல் வீச்சு சேஸிசுக்கு நல்லது. பானெட்டுக்கும் கதவுக்கும் வேண்டாம், தகரம் நெளியும்.

ஒடுக்கு எடுப்பது கை வேலை, காது வேலையும்கூட. சுத்தியல் விழும் இடத்துக்கு நேர் பின்னால் டாலி (தகரத்துக்குப் பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டை) இருந்தால் ‘டங்’ எனக் கணீரென்று கேட்கும். விலகினால் சத்தம் மொத்தையாகும். நேர் அடி தகரத்தை நீட்டும்; விலகிய அடி மேட்டை அமுக்கிப் பள்ளத்தைத் தூக்கும். அதிகம் அடித்துத் தகரம் உப்பிவிட்டால் சின்ன வட்டமாகச் சிவக்கச் சூடாக்கி, தட்டி, ஈரத்துணி வைத்தால் சுருங்கும். வழவழப்பைப் பார்க்கத் துணி விரித்து அதன்மேல் உள்ளங்கையை ஓட்டணும். கண்ணுக்குத் தெரியாத அலை கைக்குத் தெரியும்.

பெயிண்ட் போன தகரம் நம் கடலோரக் காற்றில் ஒரு ராத்திரிகூடத் தாங்காது. அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்துவிடணும். பட்டி அதற்கு மேல், மெல்லிசாக. பாலியஸ்டர் பட்டி தண்ணீர் குடிக்கும். அதை நேரே நனைத்துத் தேய்த்து அவசரமாகப் பெயிண்ட் அடித்த வண்டிகள்தான் சீக்கிரமே கொப்புளம் போடுகின்றன.

பழைய வண்டியைப் பெயிண்டுக்கு விடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பிரைமர் அடிக்கும் முன் பட்டறைக்கு ஒருமுறை நேரில் போய்த் தகரத்தைப் பாருங்கள். ஓட்டை இருந்தால் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள், பட்டியால் அடைக்க விடாதீர்கள்.