கொள்ளும் கடிவாளமும்

“கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் வாயை மூடுமாம்!” சோறு என்றால் ஓடி வந்து, வேலை என்றால் ஒளிந்துகொள்கிறவர்களைப் பார்த்துப் பெரியவர்கள் சொல்லும் பழமொழி இது. எங்கள் வீட்டில் இது என்மீதும் பலமுறை பாய்ந்திருக்கிறது. ஆனால் சென்ற ஆடி மாதத்துக்குப் பின் இதைக் கேட்கும்போதெல்லாம், நியாயம் குதிரையின் பக்கம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதன் காரணத்தைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நம் சத்தியமங்கலத்திலிருந்து கோபி வழியாகச் சென்றால் அந்தியூர். அங்கே புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயிலில் ஆண்டுதோறும் ஆடியில் தேர்த் திருவிழா நடக்கிறது. அதையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தை மிகவும் பெயர் பெற்றது. சிவப்பு உடலில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட பர்கூர் மலை மாடுகள் ஒரு பக்கம். மார்வாரி, கத்தியவாரி, நாட்டு மட்டக்குதிரைகள் மறுபக்கம். மார்வாரிக் குதிரையின் இரு காதுகளும் உள்நோக்கி வளைந்து, நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். அந்த அழகைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். திப்பு சுல்தான் காலத்திலேயே இங்கே குதிரைகள் வாங்கப்பட்டன என்று ஊரார் பெருமையாகச் சொல்வர். 1790 செப்டம்பரில் திப்புவின் படை கெஜலெட்டிக் கணவாய் வழியாக இறங்கி வந்து, கர்னல் பிளாய்டின் ஆங்கிலப் படையோடு நம் ஊர்ப் பக்கத்தில்தான் மோதியது. பவானி ஆற்றங்கரையில் எத்தனை குளம்புகள் பதிந்திருக்குமோ!

எங்கள் தாய்மாமா அந்தச் சந்தையில் மஞ்சள் விற்ற பணத்தைக் கொண்டு ஒரு பெண் குதிரை வாங்கினார். திருமணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடலாம் என்பது அவர் எண்ணம். வெள்ளைக் குதிரையின் விலை மாமாவின் மஞ்சளுக்கு எட்டவில்லை. ஆகவே கருஞ்செவலை நிறத்தில் ஒன்றைப் பிடித்தார். வாங்குமுன் உடன் வந்தவர்கள் அரைமணி நேரம் சுழி பார்த்தார்கள். உடலில் ரோமம் சுழன்று வளர்ந்திருக்கும் இடத்தைத்தான் சுழி என்கிறோம். அது இருக்கும் இடத்தைக் கொண்டு ராசி சொல்கிறார்கள். விலையும் ஏறும், இறங்கும். நெற்றி, கழுத்து, மார்பு என்று விரல் வைத்து எண்ணினார்களே தவிர, ஒருவரும் காலைத் தூக்கிப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தும் பார்க்கவில்லை. குதிரையின் முதுகுக்கட்டில் இரண்டு வெள்ளைத் திட்டுகள் இருந்தன. அவை பிறவி மச்சம், அதிர்ஷ்டம் என்றார் விற்றவர்.

எங்கள் அப்புச்சி இளம்வயதில் குதிரை வண்டி ஓட்டியவர். சுழியில் அவருக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் வண்டியிலிருந்து குதிரை இறங்கியதும் அவர் சுழியைத் தேடவில்லை. தோளிலிருந்து கையைத் தடவிக்கொண்டே கீழே போய் முன்னங்காலைத் தூக்கினார். “இங்க வா அம்மிணி, குளம்படியில என்ன கெடக்குதுன்னு பாரு” என்றார். கூழாங்கல் ஒன்று இறுகிக் கிடந்தது. பிறகு வாயைத் திறந்து பார்த்தவர், வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

குதிரைக்கு முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாள இரும்பு அங்கேதான் படியும். அவ்விடத்தில் எலும்பின்மேல் மெல்லிய ஈறு மட்டுமே இருக்கிறது. இந்தக் குதிரையோடு வந்தது முள் கடிவாளம்; இரும்பில் வரிசையாகக் கூர்முனைகள். வாரை இழுக்கும்போதெல்லாம் அவை குத்தியதால் ஈற்றிலும் நாக்கின் ஓரத்திலும் தழும்புகள் இருந்தன. இப்படி முள் வைத்த கடிவாளத்தை, சுமை இழுக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளே தடை செய்திருக்கின்றன. இருந்தும் அது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இதைக் கண்டு வாயை மூடாமல் வேறென்ன செய்யும்? மாமா மறுநாளே வழவழப்பான, நடுவில் இணைப்புள்ள கடிவாளம் ஒன்று வாங்கி வந்தார். கடைவாயில் ஒன்றிரண்டு சுருக்கம் விழும் அளவுக்கு அதைப் பொருத்த வேண்டும். இறுக்கினால் உதடு கிழியும். தொங்கவிட்டால் பல்லில் இடிக்கும். முதல் பத்து நாட்கள் வெறும் கையில் கொள்ளு காட்டி, அப்புறமே இரும்பைக் காட்டினார் அப்புச்சி. பதினோராம் நாள் அது தானாக வாயைத் திறந்தது.

சேணம்தான் எங்களைச் சோதித்தது. சந்தையில் வாங்கிய அலங்காரச் சேணம் சரிகையும் கண்ணாடியுமாக மின்னியது. அதன் அடியில் முதுகெலும்புக்கு இடைவெளியே இல்லை. ஆள் ஏறினால் பாரம் எலும்பின் இருபுறத் தசைகளில் இறங்க வேண்டும், எலும்பில் இறங்கலாகாது. நான்கு நாள் பழக்கியதில் முதுகுக்கட்டு வீங்கிப் புண்ணாயிற்று. பார்க்க வந்த கால்நடை மருத்துவர் அம்மா, அந்த வெள்ளைத் திட்டுகளைத் தொட்டுக் காட்டி, “இது மச்சமில்லை. பழைய சேணப்புண் ஆறிய இடத்தில் ரோமம் இப்படித்தான் வெள்ளையாக முளைக்கும்” என்றார். ரணஜன்னி குதிரைகளை எளிதில் தாக்கும் என்பதால் அதற்கு ஊசி போட்டார். புண் முழுவதும் ஆறும்வரை ஒரு துணிகூட முதுகில் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு மாமா முன்பணம் வாங்கியிருந்தார். மூன்றே வாரம் இருந்தது. மெத்தை வைத்துக் கட்டிவிட்டால் ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். கொள்ளு, தவிடு, ஊசி என்று செலவு ஏறிக்கொண்டே போனதால் அத்தையும் அதையே நினைத்தார் போலும், வாய்விட்டுச் சொல்லவில்லை. மாமா இரண்டு நாள் யோசித்துவிட்டு, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்த மாப்பிள்ளை காரில் வந்தார். அடுத்து வந்த இரண்டு அழைப்புகளும் போயின. ஆவணியும் ஐப்பசியும் வருமானமின்றியே கழிந்தன.

அந்த நாட்களில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. தகாததைத் தின்றால் வயிற்றுவலி கண்டு, உருண்டு புரண்டு, உயிரே போகலாம். ஆகவே பசும்புல்லும் அருகும் சிறிது சிறிதாக நாள் முழுவதும் கொடுக்க வேண்டும். கொள்ளை ஊறவைத்து அளவாகத்தான் வைக்க வேண்டும். தண்ணீர் நாளொன்றுக்கு 25 முதல் 45 லிட்டர் வரை குடிக்கும். சோறு ஆகாது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே ஆண்டுக்கு 2,000க்கு மேல் குதிரைகள் இறக்குமதியாகியும், பராமரிக்கத் தெரியாததால் ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சுவதில்லை என்று எழுதியிருக்கிறார். சோற்றோடு இறைச்சியையும் வேகவைத்துக் கொடுத்தார்களாம். லாடம் அடிப்பவர்களும் இல்லையாம். கடல் கடந்து பொன் கொடுத்து வாங்கியவற்றை இப்படிச் சாகவிட்டார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

வேலை செய்து வியர்த்த குதிரைக்கு உடனே தண்ணீர் காட்டக்கூடாது என்பது அப்புச்சியின் சட்டம். சிறிது சிறிதாகக் கொடுப்பதில் தவறில்லை என்றார் மருத்துவர். அப்புச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் மறுவாரம் அவரே வாளியைத் தூக்கி வந்தார். தாடை எலும்பின் உட்புறம் விரல் வைத்து நாடி பார்க்கவும் மருத்துவர் அம்மா எனக்குச் சொல்லித் தந்தார். ஓய்வாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். நம் நாடியைவிட மிகவும் மெதுவானது. பள்ளி விட்டு வந்ததும் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவேன். பொதுவாக 36 இருக்கும். பட்டாசுச் சத்தம் கேட்ட தீபாவளி இரவில் மட்டும் என்னால் எண்ணவே முடியவில்லை.

புண் ஆறிவிட்டது. மூன்றாவதாக ஒரு வெள்ளைத் திட்டு முளைத்திருக்கிறது. கோபியில் தோல் வேலை செய்பவர் ஒருவர், முதுகின் அளவை ஈயக் கம்பியால் வளைத்து எடுத்துப் புதுச் சேணம் தைத்துக் கொடுத்தார். சரிகை இல்லை. தை மாதம் முதல் மாப்பிள்ளை அழைப்புக்கு மாமா ஒப்புக்கொண்டபோது இரண்டு நிபந்தனைகள் விதித்தார்: அருகில் வெடி போடக்கூடாது, யாரும் லட்டு ஊட்டக்கூடாது. மாப்பிள்ளையின் சித்தப்பா இரண்டாவது நிபந்தனையைக் கேட்டுச் சிரித்தாராம். மாமா சிரிக்கவில்லை.

குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்வதால், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். லாடம் அடிப்பவர் அடுத்த வியாழனன்று வருகிறார். முன்னங்காலைப் பிடித்துக்கொள்வது இப்போது என் வேலை.

— மாணவி, பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு