என்பின் கனமும் என்பின் உறுதியும்

மனித உடம்பின் நிலையை ஓர் எண்ணிலே அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கை இக்காலத்தில் வீடுகள்தோறும் புகுந்துவிட்டது. இரத்த அழுத்தத்துக்கு ஓர் எண், சீனிக்கு ஓர் எண். இப்பொழுது என்புக்கும் ஓர் எண் வந்திருக்கிறது.

எமது அன்னையாருக்கு வயது 72. அவருடைய என்பின் எண்ணை நாம் அறிய நேர்ந்தமைக்குக் காரணம் ஒரு மணிக்கட்டு முறிவு. கிணற்றடியிலே கால் வழுக்கி, நின்ற உயரத்திலிருந்து வீழ்ந்தார்; அவ்வளவே. கைக்கு மாவுக்கட்டுப் போட்டவர்கள் என்பின் நிலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் அனுப்பிவிட்டனர். வயது போனால் விழுந்ததும் முறிவது இயல்புதானே என்பார் பலர். நின்ற நிலையில் வீழ்ந்து முறியும் என்பு நலிந்த என்பாக இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

றொஞ்சன் 1895ஆம் ஆண்டிலே தம் மனைவியாரின் கையென்புகளைப் படம்பிடித்துக் காட்டிய நாள் முதலாக, முறிவைக் காண்பதில் எக்ஸ்றேக்கு நிகரில்லை. நலிவைக் காண்பதிலோ அது மந்தம். என்பின் கனிப்பொருளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கரைந்த பின்னரே சாதாரணப் படத்தில் அது தெளிவாகத் தெரியும். இக்குறையை நீக்க வந்ததே டெக்ஸா என்னும் கருவி. வலுவில் வேறுபட்ட இருவகை எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, தசை மறித்தது எவ்வளவு, என்பு மறித்தது எவ்வளவு என்று பிரித்தறிந்து, ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு எத்தனை கிராம் கனிப்பொருள் உண்டென அது கணக்கிடும். இளம் பெண்களின் சராசரியோடு அதனை ஒப்பிட்டுப் பெறுவதே ரீ-எண். சய 2.5உம் அதற்குக் கீழும் என்பு நலிவு நோய் என 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை வரையறுத்தது.

அன்னையாருக்கு இடுப்பில் சய 2.0, முள்ளந்தண்டில் சய 0.9. உறவினர் மகிழ்ந்தனர். மாமியார் ஒருவர் பாயாசம் வைக்கச் சொல்லாத குறைதான்! வைத்தியர் மட்டும் மகிழவில்லை. முதுமையில் முள்ளென்புகளின் ஓரங்களிலே புதிதாக முளைக்கும் என்பையும், முன்னே செல்லும் பெருநாடியில் படிந்த சுண்ணத்தையும் அக்கருவி நல்ல என்பெனவே கணக்கில் சேர்த்துவிடுமாம்.

அன்றியும், கனம் வேறு, உறுதி வேறு. கைமரங்கள் நன்றாயிருந்தும் குறுக்குச் சலாகைகள் உக்கிப்போன கூரையை நம்பி எவரும் ஏறுவதில்லை. முள்ளென்பின் உள்ளேயும் நெடுக்கும் குறுக்குமாக மெல்லிய வலைப்பின்னல் உண்டு. குறுக்குத் தாங்கிகள் அற்றுப்போனால், துணையிழந்த நெடுந்தாங்கிகள் பாரம் வந்ததும் வளைந்து முறிகின்றன. டெக்ஸா படத்தின் நிறச் சாயல்களிலிருந்தே இவ்வலையின் நிலையை ஊகித்துக் கூறும் முறை ஒன்று இப்போது உண்டு. சீ.ரி. ஸ்கான் படத்தைக் கொண்டு, எவ்வளவு பாரத்தில் அவ்வென்பு நொறுங்கும் என்று கணினியிலே சோதிப்போரும் உளர்.

எமது வைத்தியர் இவற்றை நாடுமுன் ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா, முன்னம் எட்டின தட்டு இப்பவும் எட்டுதோ?"

எட்டவில்லை. ஊறுகாய்ச் சாடியைப் பேரன்தான் எடுத்துக் கொடுத்து வந்தான். அளந்து பார்த்ததில் இளமையின் உயரத்தில் இரண்டங்குலம் குறைந்திருந்தது. உடனே முதுகைப் பக்கவாட்டில் படமெடுத்தனர். ஒரு முள்ளென்பு முன்புறம் நசுங்கி ஆப்புப்போல் நின்றது. எந்த மாரியில் வந்த முதுகுநோவு அதுவென்று இன்று யாருக்கும் நினைவில்லை. நொச்சியிலை ஒத்தடத்தோடு போயிற்று. இத்தகைய முறிவுகளிற் பெரும்பாலானவை இவ்வாறு அறியப்படாமலே கழிகின்றனவாம்.

அம்முறிவைக் கண்டபின், சய 2.5ஐ எண் எட்டவில்லையே என்று வைத்தியர் காத்திருக்கவில்லை; மருந்து தொடங்கியாயிற்று. அடுத்த ஸ்கானும் அதே கருவியிலேயே எடுக்கப்படும். வேறு கருவியின் எண்ணோடு இதனை நேராக ஒப்பிட முடியாது. மாத்திரை வாரத்துக்கு ஒன்று. வெறுவயிற்றில் ஒரு குவளை தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமலும் ஒன்றும் உண்ணாமலும் இருத்தல் வேண்டும். தேநீரும் கூடாது. முறிந்த முள்ளென்பைப் பற்றி ஒருமுறையும் முறையிடாத அன்னையார், ஞாயிறுதோறும் அந்த அரைமணி நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தின் முன்னே அமர்ந்து, முகத்தைத் திருப்பாமல் கழிக்கின்றார்.