பொங்குவது எது?

நம் வயதுக்காரர்கள் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்தால் அநேகமாக அந்த பாட்டில் இருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு. பெயர் வாயில் நுழையாதவர்கள் "பொங்குற மருந்து" என்பார்கள். அந்தக் காலத்தில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு போய் நின்றால், கம்பவுண்டர் அதைப் பஞ்சில் தோய்த்து வைப்பார். வெள்ளை வெள்ளையாக நுரைக்கும். "பாத்தியா, கிருமியெல்லாம் சாகுது" என்பார்.

நுரைப்பது உண்மை. ஆனால் அது கிருமி சாகிற நுரை இல்லை. நம் ரத்தமும் சதையும் அந்த மருந்தை உடைத்துப் போடுகிற நுரை. முப்பத்து மூன்று வருஷம் அரசுப் பள்ளியில் தாவரவியல் நடத்தியபோது, இதை உருளைக்கிழங்கை வைத்துத்தான் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். போன வருஷம் என் அண்ணனுக்கும் காட்ட வேண்டி வந்தது.

அண்ணனுக்கு எழுபத்தாறு வயது. மன்னார்குடிப் பக்கம் இன்னமும் தானே வயலைப் பார்க்கிறார். இருபது வருஷமாகச் சர்க்கரை. வரப்பில் நடக்கும்போது இடது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஏதோ குத்தியிருக்கிறது. காலில் உணர்ச்சி குறைந்துவிட்டதால் அவருக்குத் தெரியவில்லை. புண்ணான பிறகுதான் அண்ணி பார்த்திருக்கிறார். காலையும் மாலையும் பெராக்சைடு ஊற்றுவது, அது நுரைப்பதைப் பார்த்துத் திருப்திப்படுவது என்று மூன்று வாரம் ஓடிவிட்டது. புண் ஆறவில்லை. அண்ணி எனக்குப் போன் செய்தார்.

"நீங்க வந்து சொன்னாத்தான் கேப்பாங்க தம்பி."

மறுநாளே போனேன். ஆஸ்பத்திரி என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பொங்குதுல்லடா. வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

வாதாடிப் பயனில்லை, வாத்தியார் தொழிலே செய்து காட்டுவதுதானே. அண்ணியிடம் ஒரு உருளைக்கிழங்கு வாங்கி இரண்டாக வெட்டினேன். ஒரு பாதியை வேகவைத்து ஆறவிட்டேன். பச்சைத் துண்டு ஒரு கண்ணாடி டம்ளரிலும், வெந்த துண்டு இன்னொன்றிலும். இரண்டிலும் அவருடைய பாட்டிலிலிருந்தே ஊற்றினேன். பச்சைத் துண்டு நுரைத்துக்கொண்டு வந்தது. வெந்தது சும்மா கிடந்தது. சாமி மாடத்திலிருந்து ஓர் ஊதுவத்தியை எடுத்துக் கொளுத்தி, சுடரை அணைத்து, கங்கோடு நுரைக்கு மேலே பிடித்தேன். கங்கு பளிச்சென்று சிவந்தது. நுரைக்குள் இருப்பது ஆக்சிஜன்.

"இந்தக் கிழங்குக்கு என்னண்ணே புண்ணு? எந்தக் கிருமி சாகுது?"

அண்ணன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எதுக்குடா பொங்குது?"

அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே சொல்கிறேன்.

அவருடைய வயலிலிருந்தே தொடங்குவோம். வெயிலில் நிற்கிற நெல் இலை, காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரை ஆக்குகிறது. பிடிக்கிற வேலை ரூபிஸ்கோ என்ற நொதியுடையது. அதற்கு ஒரு குறை உண்டு. கரியமில வாயுவையும் ஆக்சிஜனையும் சரியாகப் பிரித்தறியத் தெரியாது. ஏறக்குறைய நாலு தடவைக்கு ஒரு தடவை ஆக்சிஜனைப் பிடித்துவிடும். வெயில் ஏற ஏற இது இன்னும் கூடும். அப்படிப் பிடித்ததால் உண்டாகும் வேண்டாத பொருளைச் செடி வீசி எறிவதில்லை. சுற்றி வளைத்துத் திருத்தி, அதிலுள்ள கார்பனில் முக்கால் பங்கை மீட்டுக்கொள்கிறது. ஒளிச்சுவாசம் என்று இதற்குப் பெயர். இந்த மீட்பு வேலையின் நடுவில் ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கிறது. அண்ணன் பாட்டிலில் வாங்கி வைத்திருக்கும் அதே பொருள்!

அது இலைக்குள் சேர்ந்தால் புரதங்களைக் கெடுக்கும்; சர்க்கரை தயாரிக்கும் வேலையையே நிறுத்திவிடும். அதனால் செடி என்ன செய்கிறது தெரியுமா? பெராக்சைடு பிறப்பது பெராக்சிசோம் என்ற மிகச் சிறிய பைக்குள். அதே பைக்குள் கேட்டலேஸ் என்ற நொதியையும் நிரப்பி வைத்திருக்கிறது. பிறந்த இடத்திலேயே உடைத்துவிடும். பெராக்சைடு மூலக்கூறு இரண்டு உடைந்தால் தண்ணீர் மூலக்கூறு இரண்டு, ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்று. அவ்வளவுதான், விஷம் போயிற்று. ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு ஒரே நொடியில் லட்சக்கணக்கான பெராக்சைடு மூலக்கூறுகளை உடைக்கும்.

"நம்ம அண்ணி மாதிரிண்ணே. சமைக்கச் சமைக்கவே பாத்திரத்தைக் கழுவிப் போட்டுடுவாங்க" என்றேன். அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

பசுங்கணிகத்துக்குள் பிறக்கும் பெராக்சைடுக்கு வேறொரு நொதி, வைட்டமின் சி துணையோடு. உருளைக்கிழங்கு மண்ணுக்குள் இருப்பது, அதற்கு வெயில் இல்லை. ஆனாலும் உயிருள்ள கிழங்கு சுவாசிக்கிறது. சுவாசத்திலும் கொஞ்சம் பெராக்சைடு பிறக்கும். அதற்காகத்தான் அதனிடமும் கேட்டலேஸ். வேகவைத்தால் நொதியின் வடிவம் குலைந்துவிடும். அதனால்தான் வெந்த துண்டு நுரைக்கவில்லை.

கேட்டலேஸ் என்று பெயர் வைத்தவர் ஆஸ்கர் லோ என்ற ஜெர்மானிய வேதியியலார். அமெரிக்க வேளாண்மைத் துறைக்காகப் புகையிலையை ஆராய்ந்தபோது இதைப் பற்றி எழுதினார். 1901இல் அந்த அறிக்கை வெளியானது. இது இல்லாமல் செடி பிழைக்குமா என்பதற்கு இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் விடை கிடைத்தது. 1983இல் கேட்டலேஸ் மிகக் குறைந்துபோன ஒரு பார்லிச் செடியைப் பற்றி எழுதினார்கள். கரியமில வாயு அதிகமாக இருந்த காற்றில் அது நன்றாக வளர்ந்தது. அங்கே ஒளிச்சுவாசம் மிகக் குறைவு. சாதாரணக் காற்றுக்கு மாற்றியதும் இலைகள் வெளுத்துக் கருகின. நாம் மூச்சு விடும் இதே காற்று அதற்கு விஷமாகிவிட்டது.

மனிதரிலும் இப்படி ஒன்று நடந்தது. 1940களில் ஜப்பானிய மருத்துவர் தகாஹாரா ஒரு சிறுமியின் வாய்ப்புண்ணில் பெராக்சைடை ஊற்றினார். நுரையே வரவில்லை. ரத்தம் கறுத்துப்போனது. அவளுடைய ரத்தத்தில் கேட்டலேஸ் இல்லை என்பது பிறகு தெரியவந்தது. நுரை யாருடைய வேலை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

"அப்ப நான் ஊத்தறதை என் உடம்பே முறிச்சுடுது. அதான?"

"முறிக்கிறவரைக்கும் முறிக்கும்ணே. கிருமியைக் கொல்ல நம்ம வெள்ளையணுவே பெராக்சைடு தயாரிக்கும், அளவா. நீங்க ஊத்துறது அளவில்லாம. கொஞ்சம் கிருமியும் சாகும், இல்லேங்கல. ஆனா புண்ணை மூட வர்ற இளந்தசையையும் சேர்த்துச் சுடுது. தினம் ரெண்டு வேளை நாத்து நட்டு, ரெண்டு வேளை பிடுங்கினா வயல் பச்சை பிடிக்குமா?"

விவசாயிக்கு இது போதும். மறுநாள் காலையில் வேட்டியைக் கட்டிக்கொண்டு அவரே திண்ணையில் தயாராக இருந்தார்.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். எலும்புவரை போகவில்லை. செத்த தசையை வெட்டி எடுத்து, சலைன் தண்ணீரால் கழுவிக் கட்டுப் போட்டார். பெராக்சைடை நிறுத்தச் சொன்னார். காலை ஊன்றக் கூடாது, சர்க்கரையை இறக்க வேண்டும் என்றார். இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்பதை என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். அண்ணியிடம் அதை நான் இன்றுவரை சொல்லவில்லை. ஆறுவதற்கு மூன்று மாதம் ஆயிற்று. விரல் தப்பியது. இப்போது பாதத்துக்கென்று தனியாகச் செய்த செருப்புப் போட்டுக்கொண்டுதான் வரப்பில் இறங்குகிறார்.

சர்க்கரை உள்ள நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தினமும் ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கீழே கண்ணாடியை வைத்துப் பாருங்கள். இல்லை, வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். புண் இருந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவி மூடிக்கொண்டு, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். வலி தெரியாததுதான் அங்கே ஆபத்து.

அந்த பாட்டில் மீதம் இருந்தால், லீவுக்கு வரும் பேரன் பேத்திகளுக்கு உருளைக்கிழங்கில் ஊற்றிக் காட்டுங்கள். கண்ணிலும் வாயிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊதுவத்தியை மறக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்.