பார்க்காத பெட்டிக்குக் கையெழுத்து

கப்பல் ஏஜென்ட் சரக்கைப் பார்ப்பதில்லை. ஷாங்காயிலோ ஜெபல் அலியிலோ யாரோ ஏற்றி, யாரோ சீல் வைத்த பெட்டி அது. சென்னைக்கு வந்து சேருமுன் எங்கள் கைக்கு வருவது பி.எல். என்ற சரக்கேற்றுச் சீட்டின் நகல் மட்டும்தான். அதிலுள்ள விவரத்தை எடுத்து ஐ.ஜி.எம். என்ற இறக்குமதிப் பட்டியலில் ஏற்றி, ஐஸ்கேட் இணையதளம் வழியாகச் சுங்கத்துறைக்கு அனுப்புகிறோம். இதில் சொல்லியிருப்பதெல்லாம் உண்மை என்ற உறுதிமொழியையும் நாங்களே தருகிறோம்.

1962-ஆம் வருடச் சுங்கச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு அதைக் கேட்கிறது. 148-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. கப்பல் மாஸ்டர் நிறைவேற்ற வேண்டிய கடமைகளுக்கெல்லாம் அவர் நியமித்த ஏஜென்டும் பொறுப்பு. அபராதம் வந்தால் அதுவும் ஏஜென்ட் தலையில். மாஸ்டர் மறுநாளே கொழும்புக்குக் கிளம்பிவிடுவார். ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸ் படியேறுவது நாங்கள்.

தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்கள், “பி.எல்.லிலேயே ‘செட் டு கன்டெய்ன்’, அதாவது ‘உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுகிறது’ என்று போட்டிருக்கிறதே, நமக்கென்ன சார்?” என்பார்கள். அது சரக்குக்காரருக்கும் கப்பல்காரருக்கும் நடுவே உள்ள பேச்சு. சுங்கத்துறை அதில் கட்சிக்காரர் இல்லை. அதற்காக அந்த வாசகம் வீண் என்றும் சொல்லமாட்டேன். சீல் கலையாமல் இறங்கிய பெட்டியில் எண்ணிக்கை குறைந்து, சுங்க வரியைப் போல் இரு மடங்கு வரை அபராதம் போடும் 116-ஆம் பிரிவில் நோட்டீஸ் வந்தால், அந்த வாசகத்தையும் சீல் நம்பரையும் வைத்துத்தான் வாதாட முடியும்.

சரக்கே வேறாக இருந்தால் கதை மாறிவிடும். 114ஏஏ பிரிவில் சரக்கு மதிப்பைப் போல் ஐந்து மடங்கு வரை அபராதம் போடலாம். ஆனால் தெரிந்தே பொய் ஆவணம் கொடுத்ததாகக் காட்ட வேண்டும். 112-இன் முதல் உட்பிரிவில் அந்த நிபந்தனை எழுதப்படவே இல்லை. செய்ததோ செய்யத் தவறியதோ பறிமுதலுக்கு வழிவகுத்தால் போதும். எனக்குப் பயம் இந்த 112-இல்தான். ‘எனக்குத் தெரியாது’ என்பதற்கு அங்கே பாதி மதிப்புதான். ‘சந்தேகம் வந்ததும் கேட்டேன், இதோ மெயில்’ என்று காட்ட முடிந்தால் விசாரணை அதிகாரியின் குரலே மாறும்.

சந்தேகம் எங்கே வரும்? இருபதடிப் பெட்டி ஒன்றை வைத்துக்கொள்வோம். பி.எல்.லில் பிளாஸ்டிக் பொம்மை, எடை 26 டன். பெட்டியின் கொள்ளளவே சுமார் 33 கன மீட்டர். பொம்மையை எப்படித் திணித்தாலும் அந்த எடை வராது. எடையைத் தவறாக அடித்திருக்கலாம், உள்ளே மார்பிளும் இருக்கலாம். ஐ.ஜி.எம். போடும் முன்பே ஏற்றுமதித் துறைமுக ஆபீசுக்கு மெயில் போட்டு, பேக்கிங் லிஸ்டும் ஷிப்பரின் விளக்கமும் கேட்டுவிட வேண்டும். பொதுவாக, ‘கெமிக்கல்ஸ்’ என்று ஒற்றைச் சொல்லோடு வரும் பி.எல்.களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். லைன்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். ரசாயனம் எந்த ரகம் என்று தெளிவில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சென்னையிலேயே பார்த்தோம். மணலியில் 37 கன்டெய்னர்களில் சுமார் 697 டன் அம்மோனியம் நைட்ரேட் 2015 முதல் கிடந்தது. உர ரகமா வெடிமருந்து ரகமா என்ற வழக்கு. 2020-இல் பெய்ரூட் துறைமுகத்தில் இதே சரக்கு வெடித்த பிறகுதான் ஹைதராபாத்துக்குக் கிளப்பினார்கள்.

தப்பைத் திருத்தச் சட்டத்தில் இடம் உண்டு. மோசடி எண்ணம் இல்லையென்று அதிகாரி நம்பினால் அமெண்ட்மென்ட்டுக்கு அனுமதி தரலாம். எழுத்துப்பிழை சுலபமாக முடியும். சரக்கின் பெயரோ அளவோ மாறினால் காரணம் சொல்லி மாளாது. பெட்டி ஸ்கேனிங்குக்குப் போகுமுன் கொடுத்த கடிதத்தை நாணயமாகப் பார்ப்பார்கள். திறந்த பிறகு அதே கடிதத்தைக் கொடுத்தால் கூட்டுச்சதியாகத் தெரியும்.

பொறுப்பு எங்களோடு நிற்பதில்லை. சுங்கத் தரகர்களுக்கு (நாங்கள் இன்றும் சி.எச்.ஏ. என்றே சொல்கிறோம்) 2018 ஒழுங்குமுறைகள் தனியாக இருக்கின்றன. கட்சிக்காரர் உண்மையான ஆளா, கொடுத்த முகவரியில் இயங்குகிறாரா என்று சரிபார்ப்பது அவர்கள் வேலை. தவறினால் லைசென்சே போகலாம்.

நாங்கள் கட்டிய அபராதத்தை வெளிநாட்டுக் கப்பல் லைனிடம் திருப்பி வாங்குவது தனிப் போராட்டம். ஏஜென்சி ஒப்பந்தத்தில் ஈட்டுறுதி விதி இருந்து, நாம் எச்சரித்த மெயிலும் இருந்தால் தருவார்கள். இல்லையென்றால் உள்ளூர்க் கவனக்குறைவு என்று கைகழுவிவிடுவார்கள். புது லைன் ஒன்று ஏஜென்சி தருகிறேன் என்று வந்தால், கமிஷன் எத்தனை சதவீதம் என்பதைப் பார்க்குமுன் நான் அந்த விதியைத்தான் தேடுகிறேன்.