நெடுந்தீவில் ஒரு டிரெக்டரியைக் கலைத்தல்

செவ்வாய், நெடுந்தீவு

தயாரித்தவர்களே 2020 ஜனவரியோடு கைவிட்டுவிட்ட வின்டோஸ் 2008 ஆர்2இல் ஓடும் இவ்வலுவலகத்துச் சேர்வர், பயனர் பெயர்களையும் கடவுச்சொற்களையும் காக்கும் ஏடாகிய அக்டிவ் டிரெக்டரியைத் தொடக்க இயலவில்லையென்று நீலத்திரையில் அறிவித்துவிட்டுத் தானே அணைவதும் மறுபடி எழும்புவதுமாக இருக்கிறது. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இங்கே மின்சாரம் தீவிலேயே ஓடும் டீசல் மின்பிறப்பாக்கிகளிலிருந்து வருவது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் வெயிலும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது நல்ல சமாசாரமேயாயினும், சேர்வரைத் தாங்கும் யூபிஎஸ்ஸின் பற்றரிகள் அதற்கு முன்பே வயிறு வீங்கி, முனைகளில் பச்சை பூத்துவிட்டன. எந்த மாற்றத்தையும் முதலில் லொக் கோப்பில் எழுதி, அதன் பின்னரே பிரதான ஏட்டில் பதிவது இந்த டிரெக்டரியின் நியமம். தன் இடைநினைவில் மட்டும் இருந்ததை எழுதியாயிற்றென்று டிஸ்க் பொய் சொல்லிய கணத்தில் கறண்ட் நின்றால், லொக்கும் ஏடும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமற் போகின்றன.

ஏட்டின் பழுதான பக்கங்களை வெட்டியெறிந்து எஞ்சியதைத் தைத்துத் தரும் கருவியொன்று உண்டு. எதை வெட்டிற்றென்று அது சொல்லாதாகையால் நான் தொடவில்லை. பேக்கப்போ, அழித்த பெயர்களின் குறிப்பை டிரெக்டரி வைத்திருக்கும் 180 நாள் தவணையைக் கடந்தது. அதனை மீட்டால், அழிக்கப்பட்ட பெயர்களெல்லாம் உயிர்த்தெழுந்து வந்து நிற்கும். யாழ்ப்பாணத்துச் சேர்வரில் இதே ஏடு பழுதின்றி இருக்கையில், இங்குள்ளதைக் கலைத்துவிடுவதே உசிதம்.

புதன்

கலைப்பதற்கும் முறையுண்டு. டிரெக்டரியைத் தாங்கும் சேர்வராகிய டொமைன் கொன்ட்ரோலர் ஒன்று விலகுமுன், தன்னிடம் மிஞ்சிய மாற்றங்களைக் கூட்டாளிச் சேர்வரிடம் ஒப்படைத்து, அதன் ஏட்டிலிருந்து தன் பெயரையும் நீக்குவித்தல் வேண்டும். டிரெக்டரியே எழும்பாத இதனால் அது ஆகாது. எனவே டிரெக்டரி மீட்பு நிலையில் அதனை எழுப்பி, யாரிடமும் விடைபெறாமல் பலவந்தமாக விலக்குவதே வழி. அந்நிலைக்கென்று வேறொரு கடவுச்சொல் உண்டு. அது ஒருவருக்கும் தெரியவில்லை. வெகுநேரம் சும்மா நின்ற அலுவலக உதவியாளர், “இதுவோ சேர் நீங்கள் தேடுறது?” என்று வரவுப் பதிவேட்டின் பின்னட்டையைத் திருப்பிக் காட்டினார். பென்சிலில், நல்ல கையெழுத்தில் இருந்தது. பாதுகாப்புச் சாஸ்திரம் படித்தவன் கண்டிக்க வேண்டிய காரியம். நான் நன்றி சொன்னேன். பின்னேரத்துக்குள் அப்பெட்டி டொமைனோடு சம்பந்தமற்ற சாதாரணச் சேர்வராயிற்று.

வெள்ளி, யாழ்ப்பாணம்

வேலை முடிந்ததென்று தீவில் எல்லாரும் எண்ணியிருக்க, உண்மையில் அதன் கடினமான பாதி இங்கேதான் காத்திருந்தது. செத்தவர் பெயரை விதானையார் வெட்டாதவரை குடும்ப அட்டை அவருக்கும் அரிசி கேட்பதுபோல, யாழ்ப்பாணத்துச் சேர்வர் அந்த இல்லாத கூட்டாளிக்கு ஓயாது மாற்றங்களை அனுப்ப முயன்று, பிழைச்செய்திகளைக் குவித்துக்கொண்டிருந்தது. முதலில், டிரெக்டரிக்குரிய ஐந்து தனிப்பொறுப்புகளில் எதுவும் நெடுந்தீவின் பெயரில் இல்லையென்று பார்த்துக்கொண்டேன். இருந்திருந்தால் பறித்தெடுக்க வேண்டியிருந்திருக்கும். பிறகு அதன் கணக்கை அழித்தேன். வின்டோஸ் 2003 பதிப்பு வரை இதற்கு என்டிடிஎஸ்யூடில் என்னும் கறுப்புத் திரையில் வரிவரியாகக் கட்டளையிட வேண்டியிருந்தது. 2008 பதிப்பு முதல், இது நிரந்தரமாகவே ஒழிந்தது என்னும் கட்டத்தில் அடையாளமிட்டால் பெரும்பகுதி தானே துடைபடும். துடைபடாதவை டிஎன்எஸ்ஸில் கிடந்தன. தீவின் கணினிகள் எந்தச் சேர்வரைத் தேடிப் போவதென்று கேட்கும் இடம் அதுவாகையால், பழைய பெயருக்குரிய பதிவுகளை ஒவ்வொன்றாகத் தேடி நீக்குவதிலேயே பகல் கழிந்தது.

சனி

தீவுக்கு இனி எழுத்துரிமையற்ற டொமைன் கொன்ட்ரோலரே போதுமென்று எழுதிக் கொடுத்தேன். அது வாசிக்கும், எழுதாது; திருட்டுப்போனாலும் அதனுள் சேமித்த சில கடவுச்சொற்களை மாற்றினாற் போதும். அலுவலகப் பொறுப்பாளர் தொலைபேசியில் கேட்டார்: “அப்ப எங்கட தீவில இருந்து ஒரு பாஸ்வேர்ட்டையும் மாத்தேலாதோ தம்பி?”

“மாத்தலாம் ஐயா. லைன் இருக்கிற நேரம் அது யாழ்ப்பாணத்தில எழுதுப்படும்.”

“லைன் இல்லாட்டி?”

“உள்ள பாஸ்வேர்ட்டோட வேலை செய்யலாம். மாத்திறதெண்டால் லைன் வருமட்டும் பொறுக்கவேணும்.”

பற்றரிக்கான கொள்வனவுக் கோரிக்கையையும் அதே கடிதத்தில் சேர்க்கச் சொன்னார்.